தீவுக் கதைகளில் கடனும் புதுமையும்: அந்தமான் நிக்கோபார் சான்றுகள்

முன்னுரை

சிறுவர் விரும்பிப் படிக்கும் சாகசப் புனைகதைகளுள் தீவுக் கதை தனி வகையாக வளர்ந்துள்ளது. கப்பல் உடைதல், ஒருவன் மட்டும் கரையேறுதல், மணலில் காலடித் தடம் காணல், மனிதரைத் தின்னும் காட்டு மக்கள் வருதல், புதையல் கிட்டல், மீட்புக் கப்பல் தோன்றல் ஆகிய கதைக்கூறுகள் நூலுக்கு நூல் மீண்டும் வருகின்றன. ஒரு தீவுக் கதையைப் படித்த சிறுவன் அடுத்ததைப் படிக்குமுன்பே அதன் பாதியை ஊகித்துவிடுவான். அவ்வாறாயின், இவ்வகை நூல்களில் ஆசிரியனுக்கு உரியது எது, முன்னோரிடம் பெற்ற கடன் எது என்னும் வினா எழுகிறது.

இவ்வினாவை ஆராய அந்தமான் நிக்கோபார் தீவுகள் பொருத்தமான களமாகும். தமிழ்க் காப்பியம் முதல் பிரெஞ்சு, ஆங்கிலப் புனைகதைகள் ஊடாக வங்கச் சிறுவர் புதினம் வரை பல நூல்கள் இத்தீவுகளையோ இவற்றை நினைவூட்டும் இடத்தையோ களமாகக் கொண்டுள்ளன. அந்நூல்கள் எழுதப்பட்ட காலத்தில் தீவுகளில் உண்மையில் வாழ்ந்த மக்களைப் பற்றியும் அவர்தம் மொழிகளைப் பற்றியும் பதிவுகள் உள. கதையையும் பதிவையும் எதிரெதிர் வைத்து நோக்க இயலும் என்பதே இக்களத்தின் சிறப்பு.

கதை நிகழ்ச்சி புதிதாக இருப்பதே புதுமை என்று கொள்ளின், தீவுக் கதைகளில் புதுமை மிகக் குறைவு. கடன் பெற்ற கூற்றை ஆசிரியன் எவ்வாறு மாற்றினான் என்பதிலேயே புதுமை உள்ளது. இவ்வகைக் கதையில் அம்மாற்றத்தைக் காட்டும் தெளிவான இடம், கரையில் எதிர்ப்படும் தீவு மனிதனுக்குப் பேச்சு தரப்பட்டுள்ளதா என்பதாகும். இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடன் பற்றிய தமிழ் நோக்கு

ஒரு நூல் மற்றொரு நூலிலிருந்து தோன்றுவதைத் தமிழ் இலக்கண மரபு குற்றமாகக் கருதவில்லை. தொல்காப்பிய மரபியல் நூலை முதனூல், வழிநூல் எனப் பிரித்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துகிறது. நன்னூல் முதல், வழி என்பவற்றோடு சார்பு என்னும் மூன்றாவதையும் சேர்த்து, வழிநூல் செய்வோன் தான் வேண்டும் வேறுபாடுகளைச் செய்துகொள்ளவும் இடம் தருகிறது. கடன் பெறுதல் இங்கு இயல்பு; வேறுபாடு எது என்பதே வினா.

சொற்கடன் பற்றிய மரபும் ஈண்டு உதவும். வடசொற்களை இலக்கணிகள் தற்சமம், தற்பவம் என இரண்டாகப் பகுப்பர். ‘கமலம்’ மாற்றமின்றி வருவது. ‘பங்கயம்’ தமிழொலிக்கேற்பத் திரிந்து வருவது. கதைக்கூறுகளையும் இவ்வாறே பகுக்கலாம். மனிதரைத் தின்னும் தீவினர் என்னும் கூறு ஒரு நூலில் அப்படியே அமைந்தால் அது தற்சமம். ஆசிரியனின் சிந்தனைக்கேற்பத் திரிந்து வேறொரு பயன் தந்தால் அது தற்பவம். ஆசிரியனுக்குரிய பங்கை இரண்டாவதிலேயே தேடவேண்டும்.

கடன் பெற்றதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட சாகசக் கதையாசிரியர் இராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன். அவருடைய ‘புதையல் தீவு’ 1881, 1882ஆம் ஆண்டுகளில் ஒரு சிறுவர் இதழில் தொடராக வந்து, 1883இல் நூலாயிற்று. தம் முதல் நூலைப் பற்றி 1894இல் எழுதிய கட்டுரையில் அதன் மூலங்களை அவரே பட்டியலிடுகிறார். கிளி டேனியல் டீபோவின் இராபின்சன் குரூசோவுக்குரியது. எலும்புக்கூடு எட்கார் ஆலன் போவிடமிருந்து வந்தது. மரவேலிக் கோட்டை மாரியட்டின் கதையிலிருந்து எடுக்கப்பட்டது. சத்திரத்துக்கு வரும் முரட்டு மாலுமியும் அவன் பெட்டியும் வாஷிங்டன் இர்விங்கின் நூலிலிருந்து தம்மை அறியாமலே வந்துவிட்டன என்கிறார். இத்தனைக்கும் பிறகு அந்நூலில் அவருக்கே உரியதாக எஞ்சுவது நெடிய ஜான் சில்வரின் படைப்பு. அன்பும் வஞ்சகமும் ஒருங்கே உடைய ஒருவனைச் சிறுவன் ஒருவன் வெறுக்கவும் முடியாமல், நம்பவும் முடியாமல் தவிக்கும் நிலை முன்னோர் எவரிடமும் அவ்வாறு அமையவில்லை. பொருள்கள் கடன், மனித உறவு புதிது.

சாதுவன் கண்ட கரை

தமிழில் தீவுக் கதையின் தொன்மையான வடிவம் மணிமேகலையின் 16ஆம் காதையில் உள்ளது. பெரும்பாலோர் கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியது எனக் கருதும் இக்காப்பியத்தில் ஆதிரையின் கணவன் சாதுவன் கணிகையிடம் பொருளிழந்து, வங்கம் செல்லும் வணிகரோடு கடல்மேற் செல்கிறான். கலம் உடைகிறது. முறிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நக்கசாரணர் எனப்படும் நாகர் வாழும் மலையை அடைகிறான். களைத்து மரநிழலில் உறங்குகின்ற அவனை உணவாகக் கருதி நாகர் சூழ்கின்றனர்.

‘நக்கம்’ என்பது ஆடையின்மையைக் குறிப்பது. இம்மலையை நிக்கோபாரோடு இணைத்துக் காணும் அறிஞர் உளர். நிக்கோபாரின் பழைய தமிழ்ப் பெயர் நக்கவாரம் என்பது கல்வெட்டால் உறுதிப்படுகிறது. முதலாம் இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பில் வெல்லப்பட்ட இடங்களைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டு ‘மாநக்கவாரம்’ என்னும் பெயரைத் தருகிறது. அங்கு அத்தீவு தேன்வளமிக்க சோலைகளை உடையதாகப் புகழப்படுகிறதேயன்றி மனிதரைத் தின்போர் இடமாகக் கூறப்படவில்லை. ஏழாம் நூற்றாண்டின் சீனத் துறவி இத்சிங்கும் ஆடையற்றோர் நாடு ஒன்றைக் குறிக்கிறார். அங்குள்ளோர் சிறு படகுகளில் தேங்காய் கொண்டுவந்து இரும்புக்கு மாற்றிச் சென்றனர் என்பதும், மாற்றிக்கொள்ள மறுப்போர் மீது நஞ்சூட்டிய அம்பு எய்தனர் என்பதும் அவர் தரும் செய்தி. வணிகச் செய்தியும் அச்சச் செய்தியும் தொடக்கத்திலேயே அருகருகே இருந்தன. பிற்காலக் கதைகள் இரண்டாவதையே பெரிதும் எடுத்துக்கொண்டன.

கலமுடைந்த வணிகன் மனித ஊன் உண்போரிடம் சிக்குதல் சாத்தனாரின் கற்பனையன்று. அது பௌத்த கதைமரபில் முன்பே உள்ளது. வலாகச்ச சாதகத்தில் கலமுடைந்த வணிகர் தாமிரபரணித் தீவின் இயக்கியரிடம் அகப்பட, பறக்கும் குதிரையாக வந்த போதிசத்துவர் தம்மோடு வர இசைந்தோரை மீட்கிறார். அக்கதையில் தீவில் வாழ்வோரிடமிருந்து தப்பி ஓடுவதே அறிவுடைமை.

சாத்தனார் இக்கூற்றைத் திரித்தார். சாதுவன் தப்பி ஓடவில்லை. அவன் நாகர்தம் மொழியை முன்பே ஐயமறக் கற்றவன். விழித்தெழுந்து அம்மொழியில் பேசுகிறான். சூழ்ந்தவர் வியந்து விலகித் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் தந்து உபசரிக்க முற்பட, சாதுவன் மறுக்கிறான். அதன்பின் நிகழ்வது வாதம். உடலைவிட்ட உயிர் வேறோரிடம் புகும் என்பதற்குச் சான்று யாது என்று தலைவன் கேட்கிறான். கொலையைக் கைவிட்டால் தம் மக்கள் வாழ்வது எப்படி என்றும் கேட்கிறான். சாதுவன் விடையளிக்கிறான். கலமுடைந்து கரைசேர்வோரைக் கொல்லாதிருத்தல் என்னும் ஒழுக்கத்தைத் தலைவன் ஏற்று, முன்பு அழிந்த கலங்களிலிருந்து பெற்ற சந்தனம், அகில், துகில் முதலியவற்றைக் கொடுத்து, சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் அவனை அனுப்புகிறான்.

சாதுவன் கதை சமயப் பரப்புரை நோக்குடையது என்பதை மறுக்கவியலாது. அறிவு கரையேறியவனிடமே உள்ளது. நாகர் திருத்தப்பட வேண்டியவர். எனினும் மூன்று செய்திகள் குறிக்கத்தக்கன. தீவினருக்கு மொழி உண்டு. அது கற்கத்தக்கது, வந்தவனே அதைக் கற்றிருக்கிறான். தீவின் தலைவன் வினா எழுப்பும் அறிவுடையவன். உடைந்த கலத்தையும் மனித ஊனையும் கடன் பெற்ற சாத்தனார், உயிர்காக்கும் கருவியாக வாளையோ பறக்கும் குதிரையையோ வைக்காமல் அயல்மொழி அறிவை வைத்தார். இது தற்பவத்தின் சிறந்த எடுத்துக்காட்டு.

குரூசோவின் வழியினர்

ஐரோப்பியத் தீவுக் கதையின் முதனூலாகக் கருதப்படுவது 1719இல் வெளிவந்த டீபோவின் ‘இராபின்சன் குரூசோ’. அதற்கும் மூலங்கள் உண்டு. ஆளில்லாத் தீவில் நான்காண்டுகளுக்கு மேல் தனித்திருந்து 1709இல் மீட்கப்பட்ட அலெக்சாண்டர் செல்கிர்க்கின் வரலாறு ஐரோப்பாவில் பரவியிருந்தது. தீவில் தனியே வளர்ந்து தன் அறிவாலேயே உண்மையை உணரும் ஒருவனைப் பற்றிய இப்னு துபைலின் பன்னிரண்டாம் நூற்றாண்டு அரபு நூல், 1671இல் இலத்தீனிலும் 1708இல் மூலத்திலிருந்து ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டிருந்தது.

குரூசோவும் மனிதரைத் தின்போரைக் கடற்கரையில் காண்கிறான். ஆனால் மொழியுறவு சாதுவன் கதைக்கு நேர்மாறானது. தான் காப்பாற்றியவனுக்கு ‘வெள்ளிக்கிழமை’ எனப் பெயரிடுகிறான்; அவனுடைய சொந்தப் பெயரைக் கேட்பதில்லை. முதலில் கற்பிக்கும் சொற்களுள் ஒன்று ‘எசமான்’. ஆயினும் டீபோ ஓரிடத்தில் இவ்வமைப்பை மீறுகிறார். கடவுள் சாத்தானைவிட வல்லவராயின் அவனை ஏன் கொன்றுவிடவில்லை என்று வெள்ளிக்கிழமை கேட்க, குரூசோ விடை தெரியாமல் திகைக்கிறான். கடன் பெற்ற மொழியில் தீவினன் எழுப்பும் இவ்வொரு வினா, நாகர் தலைவனின் வினாவோடு ஒப்புநோக்கத்தக்கது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்பதற்குச் சான்றில்லை. சொற்கள் ஒத்திருப்பதால் மட்டும் மொழியுறவு நிறுவப்படாதது போல, கதைகள் ஒத்திருப்பதால் மட்டும் கடன் நிறுவப்படாது. தொடர்புக்கான சான்றும் வேண்டும்.

டீபோவுக்குப் பின் வந்தோருள் பலர் அவ்வினாவை விட்டுவிட்டு மனித ஊனை மட்டும் எடுத்துக்கொண்டனர். பாலன்டைன் 1857இல் எழுதிய ‘பவளத் தீவு’ பிரித்தானியச் சிறுவர் பல தலைமுறையாகப் படித்த நூல். தென்கடலைக் காணாமலே பிற நூல்களைக் கொண்டு எழுதிய அவர், தேங்காயின் மட்டையையே மறந்து, அங்காடியில் விற்கும் உரித்த காயைப் போல மரத்துக் காயை வருணித்துவிட்டார். பிழையைப் பின்னர் அறிந்து, எழுதும் இடத்தை நேரில் சென்று காண்பதை வழக்கமாக்கிக்கொண்டார். தேங்காயைத் திருத்திக்கொள்ள முடிந்தது. அந்நூல் பரப்பிய தீவு மனிதனின் உருவம் திருத்தப்படாமலே நெடுங்காலம் நின்றது. அந்நூலின் சிறுவர் பெயர்களையே கடன் பெற்று 1954இல் வில்லியம் கோல்டிங் எழுதிய புதினத்தில், காட்டுமிராண்டித்தனம் தீவினரிடமன்றிப் பள்ளிச் சிறுவரிடமே தோன்றுகிறது. கடன் மூலத்தையே மறுக்கும் கருவியாதலும் உண்டு என்பதற்கு இது சான்று.

அந்தமான் வழியே இரண்டு கதைகள்

அந்தமான் நேரடியாக இடம்பெறும் புகழ்பெற்ற சாகசக் கதைகளுள் முந்தியது ஜூல்ஸ் வெர்னின் ‘எண்பது நாட்களில் உலகப் பயணம்’. 1872இல் நாளிதழ்த் தொடராக வந்த இந்நூலின் 16ஆம் இயலில் கல்கத்தாவிலிருந்து செல்லும் கப்பல் பெரிய அந்தமானைக் கடக்கிறது. தொலைவில் சேடில் முகடு தெரிகிறது. தீவு மக்களை வெர்ன் மனித இனத்தின் தாழ்ந்த படியில் வைக்கிறார். பப்புவர் என்று தவறாகப் பெயரிடுகிறார். ஆனால் அவர்கள் மனித ஊன் உண்போர் என்று கூறப்படுவது சரியன்று என்கிறார். அம்மக்கள் கதையில் தோன்றுவதேயில்லை. பழங்கூற்றின் ஒரு பகுதியை அவர் நீக்கினார். அவ்விடத்தில் வேறொன்றை வைக்கவில்லை.

வெர்ன் நீக்கியதை ஆர்தர் கோனன் டாயில் மீண்டும் புகுத்தினார். 1890 பிப்ரவரியில் வெளியான ‘நால்வர் குறி’ ஷெர்லக் ஹோம்ஸ் வரிசையில் இரண்டாம் புதினம். பெரியோர்க்கு எழுதப்பட்ட இந்நூல் பின்னர்ச் சுருக்கப் பதிப்புகள் வழியே சிறுவர் நூலாகவும் ஆயிற்று. இதில் மூன்று கடன்களைப் பிரித்தறியலாம்.

முதலாவது, இந்தியாவில் கொள்ளையிடப்பட்டு இங்கிலாந்து சென்று, உரியோரால் தேடப்படும் அணிகலன். இது வில்கி காலின்சின் 1868ஆம் ஆண்டுப் புதினமாகிய ‘நிலவுக்கல்’லை நினைவூட்டுவது. இரண்டாவது, மனிதர் ஏறவியலாத உயரத்தில் பூட்டிய அறையுள் புகுந்து கொல்லும் உயிர். 1841இல் போ எழுதிய கதையில் அது மாலுமியொருவன் போர்னியோவிலிருந்து கொணர்ந்த ஒராங்குட்டான் குரங்கு. டாயிலின் கதையில் அவ்விடத்தை நிரப்புவோன் டோங்கா என்னும் அந்தமானியன். குரங்கு நின்ற இடத்தில் மனிதன் நிறுத்தப்பட்டமையே இக்கடனின் கொடுமை. மூன்றாவது நூற்கடன். அந்தமானியர் சிற்றுருவினர், கொடியோர், நஞ்சு அம்பு எய்வோர், மனித ஊன் உண்போர் என்று ஹோம்ஸ் ஓர் அரசுசார் நிலநூல் தொகுதியைப் படித்துக் காட்டுகிறார். பழைய வதந்தி இங்கே ஆதாரநூலின் உடையணிந்து வருகிறது.

மெய்ந்நிலை வேறு. போர்ட் பிளேரில் பணியாற்றிய எட்வர்டு ஹொரேஸ் மேன் 1883இல், அதாவது அக்கதைக்கு ஏழாண்டு முன்னரே, அந்தமானியரைப் பற்றிய விரிவான ஆய்வில் மனித ஊன் உண்ணும் வழக்கம் அவர்களிடம் இல்லை என்று தெளிவுபடுத்தியிருந்தார். அவர்களின் ஆயுதம் வில். நச்சு முள்ளை ஊதி எய்யும் குழல் அவர்களிடம் இல்லை. டோங்கா என்பது பசிபிக் தீவுக்கூட்டம் ஒன்றின் பெயர். தென்னை நிக்கோபாரின் மரம். அந்தமானில் குடியேற்றத்துக்குப் பின்னரே பரவியது. டாயிலோ டோங்காவின் படகில் தென்னம்பாய் வைக்கிறார். பல கடல்களின் செய்திகள் ஒரு தீவின்மேல் ஏற்றப்பட்டன.

ஆயினும் நடுநிலையோடு கூறவேண்டிய ஒன்று உண்டு. காட்டில் நோயுற்றுச் சாகக்கிடந்த டோங்காவைக் கைதியான ஜோனதன் ஸ்மால் பேணிக் காக்கிறான். அவனிடமிருந்து சிறிது மொழியும் கற்கிறான். அதனால் டோங்காவின் அன்பு மிகுந்தது என்கிறான். மேலும், இங்கிலாந்துச் சந்தைகளில் டோங்காவை மனிதரைத் தின்போனாகக் காட்டிப் பிழைத்ததையும் அவனே சொல்கிறான். பச்சை ஊன் தின்பதும் போர்க்கூத்தாடுவதும் காசுக்காக ஆடப்பட்ட காட்சிகள் என்பது கதைக்குள்ளேயே வெளிப்படுகிறது. இவ்விரு இடங்களும் டாயில் தம் கடனைத் திரிக்கத் தொடங்கிய இடங்கள். ஆனால் அவர் தொடரவில்லை. டோங்கா தன் மொழியில் சொன்ன ஒரு சொல்லும் வாசகனை எட்டாமலே தேம்சு ஆற்றில் மாய்கிறான்.

வரலாற்றில் ஒரு சாதுவன்

கதைக்கு நிகரான நிகழ்ச்சி ஒன்று போர்ட் பிளேரிலேயே நடந்தது. 1858இல் அங்குக் கைதிகள் குடியேற்றம் தொடங்கிய சில வாரங்களில் துத்நாத் திவாரி என்னும் சிப்பாய்க் கைதி காட்டுக்குள் தப்பிச் சென்றான். உடன் சென்றோர் பலர் அம்பால் மாண்டனர். காயமுற்ற அவனை அந்தமானியர் கொல்லாது விட்டனர், ஏறத்தாழ ஓராண்டு அவர்களோடு வாழ்ந்தான், அங்கு மணமும் செய்துகொண்டான், பேச்சையும் கற்றான். குடியேற்றத்தைத் தாக்க அவர்கள் திட்டமிட்டதை அறிந்து, 1859 மே மாதத்தில் திரும்பி வந்து ஆங்கிலேயரை எச்சரித்தான். மே 17இல் நிகழ்ந்த அபர்டீன் போரில் அந்தமானியர் தோற்றனர். அவனுக்கு மன்னிப்புக் கிடைத்தது. அவன் கூறிய வரலாற்றை மூவாட் 1863இல் வெளியிட்ட நூலில் காணலாம்.

சாதுவனும் துத்நாத்தும் கற்ற கலை ஒன்றே. ஒருவன் அதைக்கொண்டு இனிக் கரைசேர்வோர் உயிரைக் காத்தான். மற்றவன் தன்னைக் காத்தவரின் தோல்விக்குக் காரணமானான். ஆகவே தீவினரின் மொழியைக் கற்றல் என்னும் கூறு தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. அது யார் பயனுக்காக என்பதைக் கதையாசிரியனே தெரிந்து அமைக்கவேண்டும்.

வங்கச் சிறுவர் புதினம்

இந்திய மொழிகளில் அந்தமானைக் களமாகக் கொண்ட சிறுவர் சாகசக் கதைகளுள் மிகவும் அறியப்பட்டது சுனில் கங்கோபாத்யாயின் ‘சபுஜ் த்வீபேர் ராஜா’, அதாவது ‘பசுந்தீவின் அரசன்’. ஊன்றுகோல் துணையோடு நடக்கும் காக்காபாபுவும் அவர் அண்ணன் மகன் சந்துவும் இதன் தலைமை மாந்தர். தபன் சின்ஹா 1979இல் இதைத் திரைப்படமாக்கினார். ஜாரவா மக்கள் காக்கும் விண்கல்லைக் கவர அயல்நாட்டினர் முனைவதும், அம்மக்களின் அரசனாக முதிய வங்கப் புரட்சியாளர் ஒருவர் இருப்பதும் கதை. அவர் செல்லுலார் சிறையிலிருந்து தப்பியவர்.

தொல்குடியினர் நடுவே வெளியிலிருந்து வந்தவன் அரசனாதல் கிப்ளிங், கான்ராட் முதலியோர் கதைகளில் கண்ட கூறு. அக்கதைகளில் வெள்ளையன் இருந்த அரியணையில் கங்கோபாத்யாய் விடுதலை வீரரை அமர்த்தினார். 1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட அச்சிறையின் நினைவை இந்தியச் சிறுவர்க்குச் சாகசமாகத் தந்தார். கொள்ளையிட வருவோர் ஐரோப்பியர், காப்போர் தீவினர். இவை உண்மையான திரிபுகள். இக்கதையின் புதுமையும் இவற்றிலேயே உள்ளது. எனினும் அரியணை அப்படியே இருக்கிறது. ஜாரவாக்களுக்காகப் பேசுவோர் ஜாரவா அல்லர்.

நூல் எழுந்த காலத்தையும் எண்ணவேண்டும். ஜாரவாக்களோடு நட்புமுறைத் தொடர்பு 1974இல்தான் அரும்பியது. அவர்கள் தாமாகவே வெளிவந்து பிறரோடு பழகத் தொடங்கியது 1997இன் இறுதியில். ஆர். செங்குட்டுவன் எழுதிய ஜாரவா ஒலியியல் நூலை இந்திய மானிடவியல் ஆய்வகம் 2000இல் வெளியிட்டது. எழுபதுகளின் எழுத்தாளருக்கு ஜாரவா மொழி எட்டாத ஒன்று. அன்றைய மௌனத்துக்கு அக்காரணம் உண்டு. இன்று எழுதுவோர்க்கு அது இல்லை.

மறுகரையின் கதைகள்

தீவுக் கதைகள் பேச்சு தராத மக்களிடம் பேச்சு எத்தகையது? பெரிய அந்தமானிய மொழிகள் பத்து இருந்தன. மேன், போர்ட்மன் ஆகியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அவற்றின் சொற்களையும் இலக்கணக் கூறுகளையும் தொகுத்தனர். உடலுறுப்புகளை அடிப்படையாகக் கொண்ட முன்னொட்டுகள் இம்மொழிகளின் தனிப் பண்பு. ஒரு செயலோ பண்போ உடலின் எப்பகுதியோடு தொடர்புடையது என்பதை முன்னொட்டு காட்டும். அன்விதா அப்பி 2012இல் அகராதியும் 2013இல் இலக்கணமும் வெளியிட்டு இவ்வமைப்பை விரிவாக விளக்கியுள்ளார். கருத்துநுட்பம் அற்ற பேச்சு என்ற பழைய எண்ணத்துக்கு இங்கு இடமேயில்லை.

மொழிகளோ அழிந்துகொண்டிருந்தன. அந்நியர் வழிப் பரவிய நோய்களால் பெரிய அந்தமானியர் தொகை 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 ஆகவும், 1961இல் 19 ஆகவும் சுருங்கியது. போ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூத்த போவா 2010 சனவரி 26இல் மறைந்தார். டோங்காவின் கதை உலகின் பல மொழிகளில் பெயர்க்கப்பட்ட அதே நூற்றாண்டில், அவன் பேசியிருக்கக்கூடிய மொழிகள் ஒவ்வொன்றாக அடங்கின.

அம்மக்களிடம் சாகசக் கதைகளும் இருந்தன. 1906 முதல் 1908 வரை கள ஆய்வு செய்த ராட்கிளிஃப்-பிரௌன் 1922இல் வெளியிட்ட நூலில், ஆற்றல்மிக்க பிலிக்குவிடமிருந்து மீன்கொத்தி நெருப்பைத் திருடிவரும் கதையின் வடிவங்கள் உள. கிரேக்கரின் புரொமீதியசும் நெருப்பைத் திருடினான். இவ்விரண்டையும் கடன் என்று கூற எந்தத் தொடர்பும் இல்லை. மனித மனம் தனித்தனியே கண்ட ஒப்புமை இது. அப்பி 2021இல் வெளியிட்ட தொகுப்பில் பெரிய அந்தமானியரின் கதைகளும் பாடல்களும் அச்சேறியுள்ளன. கதைக்களமாக மட்டும் இருந்த தீவு, கதை சொல்லும் தீவாகவும் அறியப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்ட நூல்கள் அனைத்தும் கடன்பட்டவை. ஒன்றும் முழுமையாகப் புதிதன்று. சாத்தனார் பௌத்த கதைமரபையும், டீபோ செல்கிர்க்கின் வரலாற்றையும், ஸ்டீவன்சன் நால்வரையும், டாயில் காலின்சையும் போவையும், கங்கோபாத்யாய் ஐரோப்பிய அரியணைக் கதையையும் கடன் பெற்றனர். கடனின் அளவைக்கொண்டு இவர்களைத் தரம்பிரிக்க இயலாது. கடன் பெற்ற தீவு மனிதனை என்ன செய்தனர் என்பதைக்கொண்டு பிரிக்கலாம். அவ்வளவையில், காலத்தால் மிக முற்பட்ட சாதுவன் கதை, வினா எழுப்பும் தீவினனைக் காட்டுவதால், பிற்காலத்துப் பல நூல்களைவிடப் புதுமையுடையதாக நிற்கிறது.

தமிழர்க்கு இவ்வாய்வு தொலைவுச் செய்தியன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாக உடையோர். நிக்கோபார் தொகுதியின் கச்சால் தீவில் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். அத்தீவுகளில் தமிழ் படிக்கும் சிறுவன் டோங்காவின் கதையைப் படிப்பான். சாதுவன் கதையையும் படிக்கலாம். முன்னதை மட்டும் படித்தால், அண்டைத் தீவின் மக்களைப் பற்றி 1890இல் இலண்டனில் இருந்தவர் கொண்ட எண்ணமே அவனுக்கும் எஞ்சும்.

தமிழில் இனித் தோன்றும் தீவுக் கதைகளும் உடைந்த கலத்தையும் காலடித் தடத்தையும் கடன் பெறவே செய்யும், அதில் இழுக்கில்லை. அவற்றை எழுதுவோர் அந்தமானிய மொழிகளின் அகராதியையும் அம்மக்கள் தாமே சொன்ன கதைகளையும் கையில் வைத்துக்கொண்டு எழுதுவது இன்று இயலும். அங்கிருந்து பெறுவதையும், ஸ்டீவன்சனைப் போல, இன்னாரிடம் பெற்றது என்று பெயர் சொல்லிப் பெறுதல் வேண்டும்.